சாய்ந்து நின்றது

ராக்கெட்டின் அடிப்பாகம் கடலில் மிதக்கும் மேடைமேல் நான்கு கால்களையும் விரித்துக்கொண்டு இறங்கியபோது பட்டறைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் கைதட்டினார்கள். வெல்டர் அக்காவும் தட்டினாள். கையில் தடித்த தோலுறை இருந்ததால் சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்ற குண்டூசி அதைக் கவனித்துவிட்டாள். ஆள் ஒல்லி, நாக்கு கூர். அந்தப் பெயர் வந்ததற்கு இரண்டுமே காரணம்.

"சத்தமே வராம தட்டறீங்களே அக்கா. எனக்கும் ஒரு ஜோடி குடுங்க" என்றாள்.

அவர்கள் வேலை பார்த்தது ஒரு தனியார் ராக்கெட் நிறுவனத்தில். வெல்டர் அக்கா சேர்ந்த புதிதில் ஒரு ராக்கெட் ஒரு தடவைதான் போகும். மேலே போகிற பாகம் மேலே போய்விடும், அடிப்பாகம் கடலில் விழுந்து நொறுங்கும். அடுத்ததற்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். எரிபொருள் குழாய்களைப் பற்றவைப்பது அவள் வேலை. "நான் செஞ்சதெல்லாம் மீனுக்குத்தான்" என்று அப்போது வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வாள். முதன்முதலாக ஓர் அடிப்பாகம் முழுசாகத் திரும்பி வந்து நின்ற அன்று பட்டறையில் அழாதவர்களே இல்லை. அவளும் முகக்கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே அழுதாள். அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. ஒரே அடிப்பாகம் டவுன் பஸ் மாதிரி போவதும் வருவதுமாக இருந்தது. பட்டறையில் குழாய்களை ஏற்றிவைக்க வரிசையாக நின்ற தாங்கிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. முன்பெல்லாம் பெருக்க வருகிறவர்கள் குழாய்களுக்கு அடியில் குனிந்து நுழைந்து திட்டிக்கொண்டே பெருக்குவார்கள். இப்போது நிமிர்ந்தபடி ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நேராகப் பெருக்கிவிட்டுப் போனார்கள்.

கைதட்டி முடித்த அதே வாரம் மேற்பார்வையாளர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவதால் அவருக்குச் சரிசரி என்று பெயர்.

"புதுசா செய்யறது இனிமே ரொம்பக் கம்மிதான். கொஞ்சப் பேரு இங்க இருப்பீங்க. மத்தவங்க துடைச்சு சரிபண்ற பக்கம் போகலாம்" என்றார்.

"அங்க வெல்டிங் இருக்குமா?" என்று அவள் கேட்டாள்.

அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "திரும்பி வந்ததுல எதுவும் விட்டுப்போயிருந்தாத்தானேம்மா வெல்டிங்? நீங்க போட்டது எங்க விடுது? கரியைச் சுரண்டணும், துடைக்கணும், அவ்வளவுதான்."

"நல்லா செஞ்சது நம்ம தப்பு" என்றாள் குண்டூசி.

"சரி சரி" என்றார் அவர்.

வீட்டில் நிலைமை வேறு. அவள் கணவன் வேலை பார்த்தது அதே நிறுவனத்தின் மீட்புக் கப்பலில். அடிப்பாகம் மேடையில் இறங்கியதும் அதன் பாதங்களை இரும்புத் தளத்தோடு சேர்த்துப் பற்றவைப்பது அவன் பொறுப்பு. இல்லாவிட்டால் வரும் வழியில் அலையில் சரிந்துவிடும். அந்த வேலையை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அவள்தான். கல்யாணமான புதிதில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவனைக் கொல்லைப்புறத்தில் உட்காரவைத்து, உடைந்த கட்டில் சட்டத்தில் கைபிடித்துப் பழக்கினாள். இப்போது அவனுக்கு ஓய்வே இல்லை. அவளுக்கு ஓய்வைத் தவிர வேறொன்றும் வரப்போவதில்லை.

அடுத்த பயணத்துக்கு அவன் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். "இதே ஆளு இன்னொரு தடவை வந்து நின்னான்னா, இதுவரைக்கும் இத்தனை தடவை போய்வந்தது இவன் ஒருத்தன்தானாம்" என்றான். அடிப்பாகத்தை அவன் ஆள் என்றுதான் சொல்வான்.

"வந்தா உங்களுக்கு வேலை. வராட்டி எனக்கு வேலை" என்றாள்.

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் மடித்த சட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். "என்ன பேச்சு இது?"

"சும்மா சொன்னேன். பேஸ்ட் எடுத்து வச்சீங்களா?"

அவன் எடுத்து வைத்திருந்தான். விடியற்காலையில் கிளம்பும்போது வழக்கம்போல் அவள் தோளைத் தொட்டான். அவள் தூங்குவதுபோல் இருந்துவிட்டாள்.

ராக்கெட் கிளம்பியது ஒரு மத்தியானம். திரைக்கு முன்னால் பாதிப்பேர்தான் நின்றார்கள். பாதிப்பேர் ஏற்கெனவே வேறு பிரிவுக்குப் போயிருந்தார்கள். அடிப்பாகம் பிரிந்தது, திரும்பியது, நெருப்பைக் கக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கியது. அப்போதுதான் அவள் மனசு தெளிவாகச் சொன்னது: விழட்டும்.

கோபத்தில் தெறித்த வார்த்தை அல்ல அது. யோசித்து, கணக்குப் போட்டு வந்த வார்த்தை. இறங்கும்போது கப்பல் தொலைவில் தள்ளி நிற்கும், யாருக்கும் ஒன்றும் ஆகாது, இரும்புதானே போகும், தாங்கிகள் மறுபடி நிரம்பும் என்று எல்லாவற்றையும் ஏற்கெனவே ஒழுங்குபடுத்தி வைத்திருந்த மனசு. இது எத்தனை நாளாக உள்ளே தயாராகிக்கொண்டிருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத் திரையில் படம் உறைந்தது. இறங்கும் அதிர்ச்சியில் அப்படி ஆவது வழக்கந்தான். ஆனாலும் அவள் மூச்சு விடவில்லை.

படம் திரும்பி வந்தபோது அது நின்றுகொண்டிருந்தது. நேராக அல்ல. ஒரு கால் முழுதாக விரியாமல் மடங்கியிருக்க, மொத்த உயரமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அலை எழும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் சாய்ந்து, மறுபடி யோசித்து நிமிர்ந்தது. யாரும் கைதட்டவில்லை.

"இப்ப இதை யாருக்கா போய்க் கட்டறது?" என்றாள் குண்டூசி. கேட்டபிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கப்பல் போனில் கணவன் குரல் காற்றோடு சேர்ந்து வந்தது.

"நீங்க மேடையில ஏறாதீங்க" என்றாள்.

"எரிபொருள் மிச்சத்தையெல்லாம் வெளிய விட்டாச்சு. வெடிக்காது. சாஞ்சிருக்கான், அவ்வளவுதான்."

"அதான் சொல்றேன். சாஞ்சிருக்கு."

"நான் ஏறலைன்னா வேற எவனாவது ஏறணும். இன்னொருத்தன் புதுசு. அவன் இழுக்கிற வெல்டிங் கோடு எனக்கே பிடிக்காது." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "தளம் பூரா ஈரம். எப்படிப் போடட்டும்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "உப்பு போகத் துடைங்க. சூடு காட்டிக் காய வைங்க. ஒரே இழுப்பா இழுக்காதீங்க. அங்கங்க புள்ளி புள்ளியா வச்சுக்குங்க, அது பிடிச்சப்புறம் சேருங்க. சாயற பக்கத்துல நிக்காதீங்க."

"சரி டீச்சர்" என்றான். போன் அறுந்தது.

அன்று அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஒரு பழைய தகட்டை எடுத்துப் போட்டு, தேவையே இல்லாமல் அதன்மேல் கோடு கோடாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி நினைத்ததால் எதுவும் சாய்வதில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தகட்டைத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் இழுத்தாள். வேலை முடிகிற நேரத்தில் சரிசரி ஓட்டமும் நடையுமாக வந்து, "பிடிச்சுருச்சாம், பிடிச்சுருச்சாம்" என்றார். அவள் கவசத்தைக் கழற்றாமலே தலையாட்டினாள்.

மேடை துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். வேலிக்கு இப்புறம் ஊரே நின்று போனில் படம் பிடித்தது. அவன் இறங்கி வந்தான். முகம் கறுத்திருந்தது. சட்டைக் கையில் நெருப்புப் பொறி பட்டுச் சல்லடையாகியிருந்தது. நின்ற இடத்திலும் கடல் ஆடுவதுபோல் லேசாக ஆடினான்.

"நீ சொன்ன மாதிரிதான் போட்டேன். புள்ளி புள்ளியா" என்றான்.

"அன்னிக்கு அது விழட்டும்னு நெனச்சேன்" என்றாள்.

"எப்ப?"

"இறங்கறப்ப. நீங்க தள்ளி நிப்பீங்கன்னு தெரியும். தெரிஞ்சுதான் நெனச்சேன்."

அவன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரே மேடையைப் பார்த்தான். அங்கே கிரேனில் மாட்டிப் பாதங்களை அறுத்து விடுவித்துவிட்டார்கள். கிரேனின் கொக்கி இறுகியது.

"இப்ப?" என்று கேட்டான்.

"விழக் கூடாது" என்றாள், கொக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கரி படிந்த அந்த நெடிய உடல் மேடையை விட்டுக் கொஞ்சங்கொஞ்சமாக எழும்பியது. காற்று அதை மெல்லத் திருப்பியது. கீழே அவனோடு வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்தபடி, அண்ணாந்து பார்த்துக்கொண்டே, அது திரும்பும் பக்கமெல்லாம் சின்னச் சின்ன எட்டு வைத்து நகர்ந்தார்கள். மடங்கிய காலிலிருந்து கடல்நீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுகள் அவர்கள் தலைக்கவசங்கள்மேல் விழுந்தன. ஒருவரும் துடைக்கக் கையெடுக்கவில்லை.