முடிந்தது என்று போட்டிருந்தது

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்த வேகத்தில் வாயும் திறந்துவிடும். கீழக்கரையில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். தெரிந்தும் பெண்கள் ‘லாத்தா’ என்று அக்கா முறை சொல்லிக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். வீட்டு முன்னறையில், பெண்களுக்கு மட்டும் என்று இரண்டு கம்ப்யூட்டர் போட்டிருந்தேன். தம்மாமிலும் துபாயிலும் இருக்கிற புருஷன்மாருக்கு மெயில் அனுப்ப அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

பென் டிரைவ் வழியாக வைரஸ் வந்து மாதம் ஒரு தடவை மெஷின் படுத்துவிடும். சலித்துப்போய் இரண்டிலும் விண்டோஸை எடுத்துவிட்டு, வைரஸ் அண்டாத இலவச லினக்ஸ் போட்டுவிட்டேன். டெஸ்க்டாப் முழுக்கத் தமிழில் இருந்தது. அதை உருவாக்குகிறவர்கள் எந்தெந்த நாட்டிலோ இருந்தார்கள். அந்த வாரம் யார் எதைத் திருத்தினார்கள், எத்தனை பிழைப் புகார்களை முடித்து மூடினார்கள் என்று ஞாயிறுதோறும் ஓர் அறிக்கை வெளியிடுவார்கள். காலேஜில் படித்த சி என்கிற கம்ப்யூட்டர் மொழி மறந்துவிடக் கூடாது என்று நான் அதை விடாமல் படித்துவந்தேன்.

2008-இல் ஒரு நாள், எங்கள் தெரு மதார் காக்கா தம்மாமுக்குப் புறப்பட்டார். எங்கள் ஊரில் ஒருவர் சபுருக்கு, வெளிநாட்டுப் பயணத்துக்கு, கிளம்பினால் தெருவே அவர் கையில் எதையாவது கொடுத்துவிடும். என் கடைக்கு வருகிற தாஜுன்னிசா கொடுத்துவிட நினைத்தது ஒரு வீடியோ. அவள் புருஷன் முஹைதீன் தம்மாம் போன பிறகு பிறந்த மகன், முதல் தடவையாக எழுந்து நாலு அடி நடந்தது. என் கம்ப்யூட்டரில்தான் அதைப் போட்டு வைத்திருந்தாள். டிஸ்கில் இடம் இல்லாததால், எடுத்துப் போகிறவர்கள் நகல் எடுக்காமல் மொத்தமாக நகர்த்திவிட வேண்டும் என்பது நான் வைத்த சட்டம். அவளும் பென் டிரைவுக்கு நகர்த்தினாள். மதார் காக்காவை ஏற்றிப்போகும் வேன் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. அவள் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

பத்து நாள் கழித்து முஹைதீன் வீட்டுக்குப் போன் செய்தான். தம்மாமில் தன் அறையில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துத் திறந்திருக்கிறான். உள்ளே ஒன்றும் இல்லை. இங்கே என் டிஸ்கிலும் இல்லை. பிள்ளையின் முதல் அடி எங்குமே இல்லாமல் போய்விட்டது.

தாஜுன்னிசா மாமியாரோடு கடைக்கு வந்தாள். கடையில் ஆறு பேர் இருந்தார்கள்.

“புள்ள நடந்ததைக்கூட ஒழுங்கா அனுப்பத் தெரியல இவளுக்கு. போன்ல அவன் கெடந்து கத்துறான்” என்றார் மாமியார்.

பழி கடை மேல் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். “வெளியேற்றுன்னு ஒரு பட்டன் இருக்கு, அதை அமுக்கிட்டு எடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிருக்கேன். அவசரப்பட்டுப் பிடுங்குனா நான் என்ன செய்ய முடியும் தாஜு?” என்றேன்.

“முடிஞ்சதுன்னு போட்டுச்சு லாத்தா. படிச்சுட்டுத்தான் எடுத்தேன்” என்றாள். யாரும் அவளை நம்பவில்லை. நானும்தான். அதன் பிறகு அவள் என் கடைப் படி ஏறவில்லை.

அவள் சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான் மறுநாள் சோதித்துப் பார்த்தேன். அதே அளவு வீடியோ ஒன்றை நகர்த்தினேன். இருபது விநாடியில் திரையில் ஓடுகிற பட்டை நிரம்பி, ‘முடிந்தது’ என்று வந்தது. டிரைவைப் பிடுங்கினேன். உள்ளே ஒன்றும் இல்லை. மறுபடி ஒரு வீடியோவை அனுப்பி, பிடுங்காமல் காத்திருந்தேன். ‘முடிந்தது’ என்று சொன்ன பிறகும் டிரைவின் விளக்கு மூன்று நிமிடம் சிமிட்டிக்கொண்டே இருந்தது. டிரைவில் எழுதாமல் தன் மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டதையே எழுதி முடித்ததாகக் கம்ப்யூட்டர் சொல்லிவந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆறு பேர் முன்னால் ஒரு பெண்ணைப் பொய்க்காரி ஆக்கியிருந்தேன்.

அந்த டெஸ்க்டாப்பை உருவாக்குகிறவர்களுக்கு, இது பிழை என்று புகார் எழுதி அனுப்பினேன். அந்தப் பகுதியைக் கவனித்துக்கொண்டவர் ஒரு ஜெர்மன்காரர். “வெளியேற்றாமல் பிடுங்கியது பயனரின் தவறு. இது பிழை அல்ல” என்று புகாரை மூடிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அறிக்கையில் ‘இந்த வாரம் மூடிய பிழைகள்: 212’ என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். அந்த 212-இல் தாஜுன்னிசாவும் ஒன்று. அவள் வாயை மூடவைத்ததுகூட அந்த வாரத்து முன்னேற்றமாகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டு தப்பியது பெரிய விஷயம்.

விடுவேனா? தெருவில் பதினான்கு பென் டிரைவ் இரவல் வாங்கினேன். ஒவ்வொன்றிலும் பட்டை எப்போது முடிந்ததாகச் சொன்னது, உண்மையில் எப்போது எழுதி முடித்தது என்று கடிகாரம் வைத்துக் குறித்து, பிழையை மறுபடி திறந்தேன். கரண்டு போகிற நேரம் போக மிச்ச நேரத்தில்தான் இத்தனையும். இரண்டு ஞாயிறு போயிற்று, பதில் இல்லை. மூன்றாவது வாரம் பிரேசிலில் ஒருவர், தன் பழைய மெஷினிலும் இதேதான் என்று எழுதினார். அப்போதுதான் புரிந்தது, திருத்துகிறவர்களிடம் இருந்ததெல்லாம் நொடியில் எழுதி முடிக்கிற புது மெஷின். அவர்கள் கண்ணில் இது படவே இல்லை.

“சரி, திருத்தி அனுப்புங்கள்” என்றார் ஜெர்மன்காரர். நான் அனுப்பிய முதல் திருத்தம் திரையையே உறைய வைத்தது. திருப்பி அனுப்பினார். இரண்டாவதில் ரத்து பட்டன் வேலை செய்யவில்லை. மூன்றாவதில் வரிகளுக்கு இடைவெளி விட்ட முறை சரியில்லையாம். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினேன். ஒன்பதாவது வாரம், “நன்றாக இருக்கிறது” என்று எழுதினார். வரும் வியாழனோடு புதுப் பதிப்பில் திருத்தம் சேர்க்கிற கதவு அடைபடும். தவறினால் இன்னும் ஆறு மாதம்.

திருத்தத்துக்கு மேலே ஒரு வரிக் குறிப்பு எழுத வேண்டும். வார அறிக்கையில் அதைத்தான் அப்படியே எடுத்துப் போடுவார்கள். நான் எழுதியிருந்ததை அவர் மாற்றி, ‘பென் டிரைவுகளுக்கான மேம்பாடு’ என்று போட்டிருந்தார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. “இது மேம்பாடு இல்லை. முடியாததை முடிந்ததென்று சொன்னோம். நம்பினவர்கள் இழந்தார்கள். அப்படியே எழுதுங்கள். இல்லாவிட்டால் என் திருத்தத்தைத் திருப்பித் தாருங்கள்” என்று அனுப்பினேன். செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று. வியாழன் மதியம் மெயில் வந்தது. ஒரே வார்த்தை: “சரி.”

அந்த ஞாயிறு அறிக்கையைப் பார்த்ததும் தாஜுன்னிசா வீட்டுக்கு நானே போனேன். வர மாட்டேன் என்றவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பையன் அவள் முந்தானையைப் பிடித்தபடி தத்தித் தத்திக் கூடவே நடந்து வந்தான். திரையில் இருந்த இங்கிலீஷைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்: “கோப்பு முழுவதையும் எழுதி முடிக்கும் முன்பே ‘முடிந்தது’ என்று காட்டிவந்தோம். அதை நம்பி டிரைவை எடுத்தவர்கள் கோப்புகளை இழந்தார்கள். தவறு எங்களுடையது. இப்போது திருத்தப்பட்டது.”

“இன்னொருக்கா வாசிங்க” என்றாள். வாசித்தேன்.

“அந்த வீடியோ திரும்ப வராதுல்ல?”

“வராது தாஜு.”

அவள் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு, “இதைத் தமிழ்ல எழுதிப் பேப்பர்ல அடிச்சுத் தாங்க. வெள்ளிக்கிழமை ஒருத்தர் தம்மாம் போறாக. அவுககிட்ட கொடுத்துவிடணும்” என்றாள்.

“மாமிக்கும் ஒண்ணு வேணும்ல? ரெண்டா அடிக்கவா?”

“மூணு.”

“மூணாவது யாருக்கு?”

“ஒங்களுக்கு லாத்தா. அன்னைக்கு நீங்களும்தான என்னையக் குத்தம் சொன்னிய.”

மூன்றாக அடித்தேன்.