தீவின் பெயர் வைக்கும் இடம்

புயல் திசை திரும்பிவிட்டது என்ற செய்தி தலைநகர் சுவாவில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது காலை எட்டு மணி. அதுவரை நைதாலித் தீவை மட்டும் குறிவைத்திருந்தது, இப்போது கிழக்குத் தீவுக்கூட்டத்தின் நாற்பத்து மூன்று தீவுகளையும் நோக்கி வந்துகொண்டிருந்தது. கடல் ஏற ஒரு பகலும் ஓர் இரவும்தான் இருந்தன.

எந்தத் தீவில் எந்த வீடுகளுக்குள் கடல் வரும், அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் தயாரிப்பது எங்கள் வேலை. தீவுச் செவிலியர்கள் அதை இருவழி வானொலியில் கேட்டு எழுதிக்கொண்டு ஆட்களை மேட்டுக்கு அனுப்புவார்கள். பட்டியல் தயாரிக்கும் மென்பொருளில் வேலைகளெல்லாம் சிறு சிறு பெட்டிகளாகத் திரையில் இருக்கும். ஒரு பெட்டி குடும்பப் பதிவேட்டை வாசிக்கும், இன்னொன்று நிலத்தின் உயரத்தைப் பார்க்கும், மற்றொன்று இரண்டையும் பொருத்தும். பெட்டிகளைக் கோடுகள் இணைக்கும். நைதாலிக்காக அதை அமைத்தவள் அசெனாதா. முன்பு சரக்குக் கப்பலில் கணக்கராகப் பன்னிரண்டு ஆண்டுகள் இந்தத் தீவுகளைச் சுற்றியவள்.

எங்கள் மேலாளர் தனியேலா தலையில் கைவைத்துக்கொண்டார். "ஒரு தீவுக்கே ஒரு நாள் ஆச்சு. பெரிய தீவு ஆறுக்கு மட்டும் போடுவோம். வேற வழி இல்ல."

"சின்னத் தீவுக்காரன் என்ன மீனா, பாஸ்? நீந்திக்குவானா?" என்றாள் அசெனாதா.

"அப்ப நீயே சொல்லு, எப்படி?"

அவள் திரைமுன் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"ஷைலு, இதுல 'நைதாலி'ன்னு நான் எத்தன எடத்துல அடிச்சிருக்கேன், எண்ணு."

எண்ணினேன். "பதினேழு."

"பதினேழையும் எடுத்துடுவோம். அந்த எடத்துலெல்லாம் ஒரு வேரியபிள் வைக்கிறேன். 'தீவு'ன்னு ஒரு காலிப் பாத்திரம்னு வச்சுக்கோ. எந்தப் பேர ஊத்துறமோ, எல்லாப் பெட்டியும் அந்தத் தீவப் பத்தி மட்டும் யோசிக்கும். தீவுங்களோட பட்டியல்லேருந்து ஒவ்வொரு பேரா அது தானா எடுத்துக்கும்."

"வேலை செய்யுமா அக்கா?"

"செய்யலன்னா என்னையே அந்தத் தீவுக்கு அனுப்பிடு."

பதினொரு மணிக்கு ஓடவிட்டாள். திரையின் மூலையில் அந்தக் காலிப் பாத்திரத்தில் விழுந்த பெயர் தெரிந்தது. நைதாலி. சில நொடிகளில் அது மறைந்து தோகாலவு. பிறகு மதுனி. பிறகு வைலெகா. பெட்டிகள் அசையவில்லை, கோடுகள் மாறவில்லை. அதே இடத்தில் ஒரு தீவு வந்து அமர்ந்து, தன் கிராமங்களையும் கிழவர்களையும் கைக்குழந்தைகளையும் தாளில் இறக்கிவிட்டு எழுந்துபோனது. அடுத்த தீவு வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தனியேலா மரவள்ளிக்கிழங்குத் துண்டைக் கையில் பிடித்தபடி கடிக்க மறந்து நின்றார். ஒன்பது நிமிடங்களில் நாற்பத்து மூன்று பட்டியல்கள்.

"அனுப்பிடலாமா?" என்று கேட்டேன்.

அசெனாதா தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வுனிதாவா என்ற தீவில் அவள் கை நின்றது.

"ஆறு வீடா? இருக்காதே. அது பாயை விரிச்ச மாதிரி கெடக்கற தீவு. மாதா கோயில் இருக்கற எடம் ஒண்ணுதான் மேடு. அங்க ஆறு வீட்டுக்குள்ளதான் தண்ணி வரும்னா, எழுதுனவன் அந்தத் தீவப் பாத்ததே இல்ல."

"எழுதுனது நீதானே அக்கா."

"அதான் சொல்றேன்."

பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்தோம். கடல் எவ்வளவு உயரம் ஏறும் என்று வானிலை அட்டவணையில் கேட்கும் பெட்டி ஒன்று இருந்தது. அதில் மட்டும் 'நைதாலி' அப்படியே இருந்தது. பதினேழு என்று நான் எண்ணியது தவறு, பதினெட்டு. நைதாலி பவளப்பாறைக்குள் ஒதுங்கிய தீவு, அங்கே கடல் அதிகம் ஏறாது. எல்லாத் தீவுகளுக்கும் அந்தச் சிறிய உயரத்தையே வைத்து நாங்கள் பட்டியல் போட்டிருந்தோம். "எண்ணுனது நான்தானே அக்கா," என்றேன்.

"அழுவறத அப்பறம் வச்சிக்கலாம்டி," என்று சொல்லிவிட்டு அசெனாதா அந்த ஒரு சொல்லை அழித்து வேரியபிளை வைத்தாள். மறுபடி ஓடவிட்டாள். மறுபடி தீவுகள் ஒவ்வொன்றாய் வந்து போயின. வுனிதாவாவில் இப்போது ஐம்பத்தெட்டு வீடுகள். அவள் கண்ணை மூடி, தீவின் கரையை மனத்தில் ஒரு சுற்று நடந்தவள்போல் தலையசைத்தாள். "இது சரி."

மாலைக்குள் நாற்பத்து மூன்று தீவுகளுக்கும் வானொலியில் வாசித்து முடித்தோம்.

புயல் கடந்த மறுநாள் மதியம் வுனிதாவா செவிலி லுவிசாவின் குரல் கரகரத்து வந்தது. "ஐம்பத்தெட்டுல முப்பத்தொரு வீடு இல்ல. தரைகூட மிச்சமில்ல. ஆளுங்க எல்லாரும் இருக்காங்க."

"எல்லாருமா?" என்றாள் அசெனாதா. "பேர் படி."

லுவிசா படித்தாள். இருநூற்றுப் பதினான்கு பேர். முடியும்வரை அறையில் யாரும் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் லுவிசா கடைசியில். "பின்பக்கத்து ரெண்டு குடிசை எங்க ஊர்த் தலைவருக்கே ஞாபகம் இல்ல. உங்க பட்டியல்ல இருந்துச்சு. எங்களுக்குன்னு உக்காந்து யாரு எழுதினா?"

அசெனாதா ஒலிவாங்கியைப் பிடித்தபடி திரையைப் பார்த்தாள். தீவின் பெயர் வைக்கும் அந்த இடம் இப்போது காலியாக இருந்தது.

"குடிக்கத் தண்ணி எத்தன நாளைக்கு இருக்கு லுவிசா?" என்று கேட்டாள்.