பதினோரு வீடுகள்

பிளக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டர் திரையைப் பரிமளாவின் பக்கம் திருப்பினார். வலது பக்கம் அவள் கைகூப்பி நின்றாள். இடது பக்கம் அவள் மகள் லாவண்யா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். தலைக்குப் பின்னால் வட்டமாக மஞ்சள் வெளிச்சம் போட்டிருந்தார்கள்.

"எப்புடிம்மா இருக்கு?" என்றார் செல்லமுத்து. அந்தப் பேரூராட்சியில் கட்சிக்கு அவர்தான் செயலாளர். ஒன்பதாவது வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்த அன்றே பரிமளாவின் வீட்டுக்கு வந்தவர்.

"இது ஸ்கூல் ஆண்டு விழாவுல எடுத்ததுண்ணே" என்றாள் பரிமளா. வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. வாய் எழவில்லை. செல்லமுத்து அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, "இருவது அடிச்சிருங்க" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டார்.

லாவண்யா ஆடி மாதத்தில் காய்ச்சல் வந்து, பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்து போனாள். பதினான்கு வயது. பிறந்ததிலிருந்தே கால் நிற்காது. பள்ளிக்கூடத்தில் ஐந்து படி. அந்த ஐந்து படிக்கும் தினமும் அவளைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். ஒரு சாய்தளம் கட்டித் தரச் சொல்லிப் பரிமளா மூன்று வருடம் திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாள். லாவண்யா போன பத்தொன்பதாம் நாள் சாய்தளம் கட்டி முடித்தார்கள். இப்போது வாத்தியார்கள் அதில் பைக்கை ஏற்றி நிழலில் நிறுத்துகிறார்கள்.

பரிமளா பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு அழவில்லை. சோறு வடித்தாள், மக்காச்சோளம் உடைக்கப் போனாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். தேர்தலில் நிற்கச் சொன்னபோதும் சரி என்றாள். மறுத்துப் பேசுவதற்குத்தான் தெம்பு வேண்டியிருந்தது. அவள் கணவன் அறிவழகன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். தெருமுனையில் பேனர் கட்டிய நாளிலிருந்து அவன் லாரி ஷெட்டுக்கு மாதா கோயில் வழியாகச் சுற்றிக்கொண்டு போனான். 

பேனர் கட்டிய நான்காம் நாள் கிழக்குத் தெருவுக்கு ஓட்டுக் கேட்கப் போனார்கள். இருசம்மாள் தன் வீட்டு வாசலில் சின்ன வெங்காயம் அறுத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வியாபாரிகள் மூட்டையைக் கொண்டுவந்து இறக்குவார்கள்; தாளையும் வேரையும் அறுத்துக் கொடுப்பாள். வெளிவேலைக்குப் போய் யாரும் பார்த்ததில்லை.

"இருசம்மா, உன் ஓட்டு நமக்குத்தான்" என்றார் செல்லமுத்து.

அவள் அவரைப் பார்க்கவில்லை. "பேனர்ல இருக்கிறது உங்க பொண்ணாங்க?" என்று பரிமளாவிடம் கேட்டாள்.

"ஆமாங்க."

"உள்ள வாங்க. நீங்க மட்டும்."

உள்ளே ஒற்றை அறை. கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தது. இரண்டு கைகளும் மார்பை நோக்கி மடங்கியிருந்தன. "எம் பொண்ணு சுபா. இருவத்தி நாலு வயசு முடியுது. சின்னதுல இடுப்புல வெச்சுக்கிட்டு அலைஞ்சேன். இப்ப தூக்க முடியல. வாசலைத் தாண்டி ஒம்பது வருசம் ஆவுது" என்றாள் இருசம்மாள்.

பரிமளா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சுபாவின் கடைவாயில் எச்சில் வழிந்திருந்தது. பரிமளாவின் கை தன்பாட்டுக்கு முந்தானையை எடுத்துத் துடைத்தது. துடைத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. இருசம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு உங்களுக்கு முன்னாடி போயிருச்சு. எனக்கு அப்புறம் இவள யாருங்க பாத்துப்பா?"

அந்தக் கேள்விக்குள் இருந்த பொறாமை பரிமளாவுக்குப் புரிந்தது. கோபம் வர வேண்டும், இல்லையென்றால் வலிக்கவாவது வேண்டும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கையிலிருந்த நோட்டீசில் பொது இடங்களில் சாய்தளம், பஸ் ஸ்டாண்டில் பெண்களுக்குக் கழிப்பறை, தூசி பறக்காமலிருக்கக் கல் லாரிகளுக்குத் தார்ப்பாய் என்று வரிசையாக இருந்தது.

"தெரியலைங்க" என்றாள்.

இருசம்மாள் தலையாட்டினாள். "பாத்துக்கலாம்னு சொல்லாம இருந்தீங்களே, அது போதும்."

வெளியே வந்தபோது வெங்காய நெடியில் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. செல்லமுத்து அதைக் கவனித்தார். குரலைத் தணித்துக்கொண்டு, "தெருமுனைக் கூட்டத்துலயும் இப்படி ரெண்டு சொட்டு வந்துச்சுன்னா போதும்மா" என்றார்.

அதன் பிறகு பரிமளா எந்த வாசலில் நின்றாலும், "உள்ள யாராச்சும் படுக்கையில இருக்காங்களா?" என்று கேட்டாள். சிலர் இல்லை என்றார்கள். சிலர் யோசித்துவிட்டுக் கதவைத் திறந்தார்கள்.

தெருமுனைக் கூட்டம் மாரியம்மன் கோயில் திடலில் சாயங்காலம் நடந்தது. அவள் பேசி முடித்ததும் ரிட்டயர்டு வாத்தியார் ஜான் பீட்டர் எழுந்து நின்றார்.

"சாய்தளம்னு பேசுறீங்க, சரி. இந்த வார்டுல நடக்க முடியாதவங்க நாலஞ்சு பேர் இருப்பாங்களா? மழை பேஞ்சா முன்னூறு வூட்டுக்குள்ள சாக்கடை வருது. எதும்மா முதல்ல?"

கூட்டம் அவளைப் பார்த்தது. செல்லமுத்து மேடையின் பக்கத்திலிருந்து, மகளைப் பற்றிச் சொல் என்பதுபோலக் கையைக் காட்டினார்.

"சாக்கடைதான் சார் முதல்ல" என்றாள் பரிமளா. "ஆனா நாலஞ்சு பேர் இல்ல. பதினோரு வூட்டுல பதினோரு பேர் இருக்காங்க. நான் எண்ணிட்டு வந்தேன். அதுல நாலு பேரை அடுத்த வூட்டுக்காரங்களே பாத்ததில்ல. சாக்கடைய மூடுறப்ப மேல போடுற சிலாப்பை ரெண்டு சாண் தூக்கிப் போட்டுட்டுப் போயிடுறாங்க. அப்புறம் எந்த நாற்காலியும் வாசலை விட்டு இறங்காது. அதைத் தெரு மட்டத்துக்குப் போடச் சொல்லுவேன். அவ்வளவுதான் சார். ரெண்டும் ஒரே வேலைதான்."

ஜான் பீட்டர் உட்கார்ந்தார். நாலைந்து பேர் கைதட்டினார்கள். யாரும் அழவில்லை. லாவண்யாவின் பெயரை அவள் சொல்லவே இல்லை.

நாற்பத்து மூன்று ஓட்டில் தோற்றாள். எண்ணும் இடத்திலிருந்து திரும்பி வரும்போது செல்லமுத்து வண்டியை நிறுத்தி, "அன்னிக்கு நீ அழுதிருந்தா ஜெயிச்சிருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பரிமளா சரி என்றாள். வீட்டுக்குப் போய்ச் சட்டியில் மீதியிருந்த குழம்பைச் சுட வைத்தாள். "போவுது வுடு" என்றான் அறிவழகன். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் கிழக்குத் தெருவுக்குப் போனாள். போவதற்குக் காரணம் ஒன்றுமில்லை.

"தோத்துட்டீங்களாமே" என்றாள் இருசம்மாள்.

"ஆமாங்க."

இருசம்மாள் வெங்காயக் கூடையைத் தள்ளி வைத்தாள். உள்ளே ஒருமுறை பார்த்தாள். "செத்த நேரம் இவகூட உக்காருறீங்களா? ரேசன் கடையில கைரேகை வெக்கணும்னு ரெண்டு மாசமா கூப்புடுறாங்க. போயிட்டு வந்துடுறேன்."

"போயிட்டு வாங்க. மெதுவா வாங்க."

இருசம்மாள் புடவையை உதறிக்கொண்டு, ஒரு பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து சுபாவின் தலையணையைச் சரி செய்தாள். பிறகு போனாள்.

சுபா தொண்டைக்குள் ஏதோ ஒரு ஓசையை இழுத்துக்கொண்டிருந்தாள். பாட்டு மாதிரியும் இருந்தது. பரிமளா கட்டிலில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ரேசன் கடைக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். இருசம்மாள் திரும்பவில்லை. நேராக மெயின் ரோடு வரை போய், ஓரத்தில் நின்றாள். ஒரு பஸ் போனது. கல் ஏற்றிய லாரி ஒன்று போனது. வெள்ளைத் தூசி எழுந்து அவளை மறைத்து, மெல்ல அடங்கியது. இருசம்மாள் எங்கும் போக அவசரமில்லாதவள்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு அதே இடத்தில் நின்றிருந்தாள்.