அம்மா வழி

அபிதகுசாம்பாள் இளநீரை டம்ளரில் ஊற்றி நீர்க்கடுப்போடு பிறந்த வீட்டுக்கு வந்திருந்த மகள் தேவிப்ரியாவின் வாயருகே பிடித்ததைச் சமையலறை வாசலில் நின்று பார்த்த மருமகள் லாவண்யாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. இரண்டு மாதத்துக்கு முன் இதே நீர்க்கடுப்பில் அவள் துடித்தபோது கிடைத்தது இளநீர் இல்லை, மாமியாரின் பேச்சு.

"எங்க வீட்டுல யாருக்கும் இந்த சீக்கு கெடையாது. உங்கம்மா வழியில இருக்கும். மறைச்சிக் கட்டிக் குடுத்துட்டாங்க."

களம்பூரில் இருந்த அம்மாவிடம் போனில் கேட்டுப் பார்த்தாள். அவர்கள் பக்கம் ஒருத்திக்கும் வந்ததில்லை. அதை இங்கே யார் நம்பினார்கள்? கழிப்பறை தறிக்கூடத்துக்குப் பின்னால் இருந்தது. ஆண்கள் நெய்யும்போது மருமகள் அவர்களைத் தாண்டிப் போகக் கூடாது என்பது வீட்டு வழக்கம். மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் எழும்வரை அடக்கிக்கொண்டிருப்பாள். அதற்காகவே தண்ணீரைக் குறைத்தாள். தேவிப்ரியாவோ பிறந்த வீட்டுப் பெண். நினைத்த நேரத்தில் தறிக்கூடத்தைக் கடந்து போய் வந்தாள். அந்த நடையைப் பார்க்கக்கூட லாவண்யாவுக்குப் பொறுக்கவில்லை.

குளிர்ஜுரம் ஏறவே ஆட்டோ பிடித்து மூவரும் டாக்டர் கலைமகளிடம் போனார்கள்.

"அம்மாவுக்கோ கூடப் பொறந்தவங்களுக்கோ இது அடிக்கடி வருமா?" என்று டாக்டர் கேட்டார்.

அபிதகுசாம்பாள் தரையைப் பார்த்தாள். "எனக்குச் சின்ன வயசுலேந்து வருதுங்க. யார்கிட்டயும் சொன்னதில்ல."

அதில் யார் குற்றமும் இல்லை, அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் என்றார் டாக்டர். லாவண்யாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை.

"எனக்கும் ஒரு சீட்டு எழுதிக் குடுங்க டாக்டர். எங்கம்மாவுக்கு இது இல்ல. எனக்கு இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்துச்சு" என்றாள். எத்தனை மணி நேரம் அடக்குகிறாள் என்பதையும் சொன்னாள். அடக்கி வைப்பதாலும் இது வரும் என்று சொல்லி அவளுக்கும் சீட்டு எழுதினார் டாக்டர்.

வீடு திரும்பி தேவிப்ரியா கண்ணயர்ந்தபோது, காஞ்சிபுரத்திலிருந்து அவள் மாமியார் பூங்காவனம் அழைத்தாள். போனை எடுத்த லாவண்யாவின் கையை அபிதகுசாம்பாள் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா வழின்னு மட்டும் சொல்லிடாதம்மா. எம்பொண்ண வாழ வுட மாட்டாங்க" என்று கிசுகிசுத்தாள்.

ஒரு வார்த்தை போதும். தான் கேட்டதையெல்லாம் தேவிப்ரியாவும் கேட்பாள். அந்த நினைப்பு ஒரு கணம் இனித்தது. தூங்குகிறவளின் உலர்ந்த உதடுகள் கண்ணில் பட்டன. லாவண்யா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"தண்ணி நெறைய குடிக்கணுமாம், வந்தா அடக்கக் கூடாதாம். உங்க வீட்டுல எந்நேரமும் அவ எழுந்து போலாங்களா?"

பூங்காவனம் பெருமையாகச் சிரித்தாள். "நாங்க ஒண்ணும் சொல்றதில்லம்மா. ஆம்பளைங்க கூடத்துல இருந்தா அவளே எழுந்திருக்க மாட்டா. புகுந்த வீட்டுல அப்படித்தான் இருக்கணும்னு அவங்கம்மா சொல்லிச் சொல்லி வளத்திருக்காங்க. அவ்ளோ அடக்கமான பொண்ணு."

அபிதகுசாம்பாளின் பிடி தானாகத் தளர்ந்தது.