லொவானின் பொய்க்கு இரண்டு கோபுரங்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சிம் கார்டோடு இலவசமாகக் கிடைத்தது.

மீகாங் ஆற்றங்கரையில், வின்லோங் ஊரில், ஓர் இறால் கம்பெனியில் பதினோரு வருடமாகக் காலம் தள்ளுகிறேன். இங்கே சந்தை வாசலில் மஞ்சள் குடைக்குக் கீழே லொவான் உட்கார்ந்திருப்பாள். பத்தடி தள்ளி ஊதாக் குடைக்குக் கீழே கியெத். இருவரும் சிம் விற்கிறவர்கள், வெவ்வேறு கம்பெனி. இரண்டு கம்பெனிக்கும் முதலாளி ஒருவரே: அரசாங்கம். (நிறங்கள் என் கைச்சரக்கு. நிஜக் கம்பெனியைத் தேடி அலைய வேண்டாம்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தொலைத்தொடர்பில் அரசுடைமை என்பது சந்தைப் போட்டியின்மீது செலுத்தும் தாக்கத்தை ஆராயுமிடத்து’... ஆராயுமிடத்து எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. விட்டுவிட்டேன்.

2

வாசலில் போட்டி அனல் பறக்கும்.

“அவர்கிட்ட வாங்காதீங்கக்கா. மழை பெஞ்சா பேச்செல்லாம் நனைஞ்சு போயிரும்” என்பாள் லொவான்.

“முதல்ல இவங்க வீட்டுல சிக்னல் இருக்கான்னு கேளுங்க” என்பான் கியெத்.

அது மட்டும் அவளைச் சுடும். அவள் வீடு ஆற்று நடுவே ஒரு தீவில், படகில் அரை மணி நேரம். எண்பத்திரண்டு குடும்பங்கள். மஞ்சளும் இல்லை, ஊதாவும் இல்லை. பகலெல்லாம் சிக்னல் விற்றுவிட்டு வீட்டுக்குப் போனால், கையிலிருப்பது வெறும் டார்ச் லைட்.

அவள் கணவன் குவாங் ஆற்றில் கூண்டு கட்டி மீன் வளர்க்கிறவன். போன வருடம் ஒரு காலையில் படகு எஞ்சினில் அவன் இடக்கை சிக்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு புத்தர் கோயில் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினான். தீவிலேயே அங்கேதான் எப்போதாவது ஒரு கோடு சிக்னல் வரும். “லொவான்” என்று சொல்வதற்குள் அறுந்தது. பிறகு ஒற்றைக் கையால் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தான். இரண்டு விரல்கள் போய்விட்டன. அந்த நேரத்தில் லொவான், ‘எங்கும் எப்போதும் தொடர்பில்’ என்று அச்சடித்த விசிறிகளைச் சந்தையில் வினியோகித்துக்கொண்டிருந்தாள்.

[இந்த விசிறியை நான் சேர்த்தேன் என்று நினைப்பீர்கள். எனக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது.]

3

லொவான் தன் மேலாளர் துங்கிடம் போனாள்.

“எண்பத்திரண்டு வீட்டுக்குப் போய் யாரும்மா கோபுரம் வைப்பாங்க?”

“ஊதாக்காரங்க வெச்சா?”

துங் காப்பியைக் கீழே வைத்தார். “வைக்கப் போறாங்களா?”

அவள் திட்டம் எதுவும் போட்டுக்கொண்டு வரவில்லை. அந்தக் கோப்பை மேசையில் இறங்கிய வேகத்தைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. “அளவெடுத்துட்டே போயிட்டாங்க சார்.”

மறுநாள் கியெத்திடம் குனிந்து சொன்னாள். “எங்காளுங்க தீவுல இடம் பாக்குறாங்க. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாத.” அவன் சொல்ல வேண்டியவரிடம் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டான்.

இங்கே ஒரு கட்டுரைப் பத்தி வரவேண்டும். அதாவது, ஒரு தகப்பன் தன் பிள்ளைகளையே ஓட்டப்பந்தயத்தில் விட்டால், அவர்கள் கைதட்டல் கிடைக்கும் தெருவில் மட்டும்தான் ஓடுவார்கள். யார் ஜெயித்தாலும் கோப்பை அதே வீட்டு அலமாரிக்குத்தான். அதனால் தகப்பனுக்கு அவசரமும் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்குள் இருக்கும் பொறாமை நிஜம். லொவான் கொளுத்திப் போட்டது அதைத்தான்.

4

கியெத்தைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் வரைவில் அவனுக்கு மெல்லிய மீசை வைத்து வில்லனாக்கியிருந்தேன். பிறகு லொவான் சொன்னாள்: கரையில் மயங்கிக் கிடந்த குவாங்கைத் தன் பைக்கில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது கியெத்தானாம். மீசையை எடுத்துவிட்டேன்.

5

ஒரே காலையில், ஒரே படகில், இரண்டு மேலாளர்களும் தீவில் வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு அளவு நாடா; வழிகாட்ட லொவானும் கியெத்தும். ஊதாவின் மேலாளர் ஹாவும் துங்கும் ஒரே பயிற்சிக் கல்லூரியில் படித்தவர்கள். சாப்பிட வேறு இடம் இல்லாததால் எல்லோரும் லொவான் வீட்டில் உட்கார்ந்தார்கள். சுட்ட விரால் வந்தது. குவாங் மூன்று விரலால் தட்டு வைத்தான்.

“நீங்க எப்பய்யா அளவெடுத்தீங்க?” என்றார் துங்.

“நாங்களா? நீங்கதான எடுத்தீங்க?” என்றார் ஹாவ்.

கியெத் லொவானைப் பார்த்தான்.

இந்த இடத்தில் ஒரு வரைவில் லொவான் காலில் விழுந்து அழுதாள். அடித்துவிட்டேன், அவள் படித்தால் என்னைச் சும்மா விடமாட்டாள். இன்னொன்றில் மேலாளர்கள் மனம் உருகி... அதை முடிக்கக்கூட முடியவில்லை.

நடந்தது இது.

“நான்தான் ரெண்டு பேர்கிட்டயும் பொய் சொன்னேன்” என்றாள் லொவான். “வேலைய விட்டு எடுக்கறதுன்னா இப்பவே சொல்லிடுங்க. அடுத்த படகுல வந்து குடையக் குடுத்துடறேன்.”

ஹாவ் கடைசி முள்ளைத் தட்டோரம் ஒதுக்கினார்.

“அப்ப வேலை ஒன்னும் இல்ல. கிளம்பலாம்” என்றார் ஹாவ்.

“நீங்க கிளம்புங்க. நான் இந்தக் காத்துல கொஞ்சம் இருந்துட்டு வரேன்” என்றார் துங்.

எழுந்த ஹாவ் திரும்ப உட்கார்ந்தார். “எனக்கும் காத்து பிடிக்கும்.”

மூன்று படகுகள் போயின. இருவரும் அசையவில்லை. நான்காவது படகு வருவதற்குள் இரண்டு பேரும் தென்னந்தோப்பில் ஆளுக்கொரு மூலையை அளந்துகொண்டிருந்தார்கள்.

6

எட்டு மாதத்தில் இரண்டு கோபுரங்கள், முந்நூறு அடி இடைவெளியில். காலையில் மஞ்சளுக்கும் மாலையில் ஊதாவுக்கும் ரிப்பன் வெட்டியவர் ஒரே அதிகாரி. மதியச் சாப்பாடு நடுவில் போடப்பட்டது. லொவானை வேலையிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் காரணம் எழுத வேண்டும்; எழுதினால் இத்தனை இரும்பும் எதற்கு என்று மேலே கேட்பார்கள்.

குவாங் கூண்டிலிருந்தே அவளுக்கு முதல் அழைப்புப் போட்டான். “கேக்குதா?” என்றான். “கேக்குது” என்றாள். இருவரும் துண்டிக்கவில்லை.

கதையை இங்கே முடித்திருந்தேன். ஆனால் போன வாரம் நான் மஞ்சள் குடைக்கருகே நின்றிருந்தபோது ஒரு பெண் வந்தாள். லொவான் தீவுக்கு எதிர்த் தீவுக்காரி. அங்கே நாற்பது வீடு, ஒரு கோபுரமும் இல்லை.

“சிம் வேணாம்க்கா” என்றாள் அவள். “எங்க தீவுக்கும் ஒரு பொய் சொல்லிக் குடுங்க.”

துங்குக்கும் ஹாவுக்கும் இப்போது லொவானின் பொய் நன்றாகத் தெரியும்; அது இனி எடுபடாது. லொவான் ஊதாக் குடைப் பக்கம் திரும்பினாள். கியெத் தன் பிளாஸ்டிக் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் அருகில் வந்து போட்டான். இருவரும் என்னைப் பார்த்தார்கள், இடத்தைக் காலி செய் என்பதுபோல.

நான் கிளம்பி வந்துவிட்டேன். அதற்குமேல் அங்கே பேசியது என்ன என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதினால் எனக்கு வேண்டாம், துங்குக்கு ஒரு பிரதி, ஹாவுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். மற்றவருக்கும் போயிருக்கிறது என்று இருவரிடமும் மறக்காமல் சொல்லுங்கள்.