லாவோனின் கணுக்கால்

எங்கள் கூடைப்பந்து அணியில் டெஸ்ஸாவின் பிழைப்பு லாவோனின் வலது கணுக்காலில் இருந்தது. அதில் வீக்கம் வடிந்தால் டெஸ்ஸாவுக்கு வேலை போய்விடும். லீக்கின் விதி அப்படி. ஆடக்கூடியவர்கள் பத்துப் பேருக்குக் குறைந்துபோனால் அணி வெளியிலிருந்து ஒருத்தியைத் தற்காலிகமாகக் கூட்டிக்கொள்ளலாம். அடிபட்டவள் ஆட வந்த அன்றே வந்தவளை அனுப்பிவிட வேண்டும். எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் சரிதான். எந்தப் புண்ணியவான் எழுதிய விதியோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

நான் ஷெரீஸ், சிகாகோக்காரி. ஆறடி ஐந்து அங்குலம். மாற்று ஆட்டக்காரிகளின் பெஞ்சைச் சூடாக வைத்திருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். டெஸ்ஸா ஹூக்ஸ்ட்ராவும் என் பக்கத்தில்தான் உட்காருவாள் என்பதால் சீக்கிரம் ஒட்டிக்கொண்டோம்.

அவள் அயோவாவில் கல்லூரிக்கு ஆடியபோது ராணி மாதிரி இருந்தவள். பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்துகிற கார்டு. சோளக்காடெல்லாம் பனி மூடிக் கிடக்கும் மாதங்களில் அந்த ஊர்க்காரர்களுக்குப் பெண்கள் கூடைப்பந்துதான் திருவிழா. விவசாயிகள் குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு வந்து அரங்கத்தை நிரப்புவார்கள். சின்னப் பெண்கள் அவளைப் போலவே பின்னல் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். தொழில்முறை அணி ஒன்று கடைசிச் சுற்றில் அவளைத் தேர்ந்தெடுத்தது. பயிற்சி முகாமின் கடைசிக் காலையில் கூப்பிட்டு, நன்றி, போய்வா என்றது. குளிர்காலம் முழுக்கப் போலந்தில் ஆடினாள். மறு வருஷம் இன்னொரு முகாம், இன்னொரு போய்வா. ஊருக்குத் திரும்பி மாதா கோவில் கூடத்தில் குழந்தைகளுக்குப் பந்து தட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவளை, லாவோன் கணுக்கால் பிசகி விழுந்த மறுநாள் எங்கள் அணி கூப்பிட்டது. மில்வாக்கியில் எங்கள் அரங்கத்துக்கு எதிர்த்த ஹோட்டலில் இறக்கிவிட்டார்கள். வீடு எடுக்க முடியாது. எத்தனை நாளைக்கு என்று வீட்டுக்காரரிடம் சொல்வது? அம்மா போனில், “எப்ப வரே?” என்று கேட்டால் அதற்கும் பதில் கிடையாது.

இதில் கொடுமை என்னவென்றால், லாவோனைத் தேற்றும் வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. லாவோன் பெட்டிவே மிசிசிப்பிக்காரி, முப்பத்துநான்கு வயது, எங்கள் எல்லோருக்கும் அக்கா. தினமும் காலையில் நின்ற இடத்திலிருந்தே கூடையில் பந்து போட்டுப் பழகுவாள். பந்தை எடுத்து எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். கோச், டெஸ்ஸாவைத்தான் அனுப்பினாள். தன் சீட்டைத் தானே கிழிக்கிற வேலை.

“என்னடி, இன்னிக்கு மூஞ்சி தொங்குது? என் கால் தேறுதுன்னா?” என்பாள் லாவோன்.

“அப்படியெல்லாம் இல்லக்கா.”

“பொய் சொல்லாத. உன் இடத்துல நான் இருந்தா ராத்திரி வந்து சுத்தியலால ஒண்ணு போட்டுட்டுப் போயிருப்பேன்.”

டெஸ்ஸா சிரித்துவிடுவாள். சிரித்த பிறகு முகம் வெளுத்துப்போகும். அப்படி ஒரு ஆசை உள்ளுக்குள் இருந்தது அவளுக்கே தெரியும் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் கால் தேறவில்லை. வாரங்கள் போயும் லாவோன் நொண்டிக்கொண்டேதான் இருந்தாள். படம் எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் சரி என்றது படம். “படத்துக்கா வலிக்குது? எனக்குல்ல வலிக்குது” என்றாள் லாவோன். அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

ஒருநாள் மத்தியானம் நானும் டெஸ்ஸாவும் ஏரிக்கரையில் கஸ்டர்டு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு என் காரில் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று மழை கொட்டியது. கடையிலிருந்து ஒரு பெண் இரண்டு கையிலும் பையோடு மான் மாதிரி பாய்ந்து, தேங்கிய தண்ணீரைத் தாண்டி, தன் காருக்குள் ஏறினாள். லாவோன். தாண்டியது வலது காலில்.

டெஸ்ஸாவின் கஸ்டர்டு உருகி மடியில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

மறுநாள் சிகிச்சை அறையில் நான் இடுப்பளவு ஐஸ் தொட்டியில் கிடந்தபோது அவள் லாவோனைப் பிடித்துக்கொண்டாள். என்னால் எழுந்து ஓடவும் முடியவில்லை.

“ஏன்க்கா நடிக்கறீங்க?”

லாவோன் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ஏய் ஒட்டகச்சிவிங்கி, உனக்குக் காது கேக்காது.”

“எனக்கு உடம்பே மரத்துப்போச்சுக்கா” என்றேன்.

“சீசன் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான்டி இருக்கு. அதுவரைக்கும் நீ ஆடினா நாலு பேர் கண்ணுல படுவ. அடுத்த வருஷம் எவளாவது முழுசா ஒப்பந்தம் குடுப்பா. அந்த ஹோட்டல்ல நானும் ஒரு காலத்துல கிடந்தவதான். என் காலு, நான் நொண்டறேன். நீ வாயை மூடிக்கிட்டு ஆடு.”

டெஸ்ஸா வாயை மூடிக்கொண்டாள். நன்றாகவும் ஆடினாள், அதுதான் வினையாகப் போயிற்று. இரண்டு ஆட்டம் கழித்து கோச் பிரிட்சர்ட் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். திரும்பி வந்தவள் நடைபாதையில் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

“லாவோனக்காவை நாளைக்கு நீக்கப் போறாங்களாம். அந்தக் கால் இனிமே தேறாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. அவங்க இடம் எனக்காம், சீசன் முடியறவரைக்கும்.”

“அவகிட்ட போய்ச் சொல்லுடி.”

“சொன்னா எடுத்துக்கோன்னுவாங்க. பிடிவாதம் தெரியாதா?”

“அப்ப கோச்கிட்ட சொல்லு.”

“நடிச்சாங்கன்னு தெரிஞ்சா இந்த லீக்ல யார் அவங்களைச் சேர்ப்பா?” ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். பிறகு, “எனக்கு அந்த இடம் வேணும் ஷெரீஸ். ரொம்ப வேணும். அதான் பயமா இருக்கு” என்றாள். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை கோச்சும் மேனேஜரும் ஓரமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். லாவோன் வழக்கம்போல நின்ற இடத்திலிருந்து பந்து போட, டெஸ்ஸா எடுத்து எடுத்துக் கொடுத்தாள். ஐந்தாறு பந்து ஒழுங்காகக் கொடுத்தாள். அடுத்ததைக் கோட்டுக்கு வெளியே, தலைக்கு மேல், வேண்டுமென்றே காட்டுத்தனமாக வீசினாள்.

வெளியே போகிற பந்தை ஒரு கார்டால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. வீடு பற்றி எரிந்தாலும் முதலில் பந்தைப் பிடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். லாவோன் பாய்ந்தாள். வலது காலை ஊன்றி எழும்பி, அந்தரத்தில் பந்தைப் பிடித்து, தோளுக்குப் பின்னால் உள்ளே எறிந்துவிட்டு, அதே வலது காலில் வந்து இறங்கினாள். ஆடாமல் நின்றாள்.

கோச்சும் மேனேஜரும் பேச்சை விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

“லாவோன், வலிச்சுதா?” என்றாள் கோச்.

லாவோன் டெஸ்ஸாவை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். “இல்ல கோச். இன்னிக்குத்தான் விட்டுருக்கு போல.”

கோச் நம்பினாளோ என்னவோ, தலையை மட்டும் ஆட்டினாள். மத்தியானத்துக்குள் டெஸ்ஸாவின் அலமாரியிலிருந்து பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள். உடை மாற்றும் அறைக்கு லாவோன் கத்திக்கொண்டே வந்தாள்.

“அறிவிருக்கா உனக்கு? எவடி உன்னைக் கேட்டா? கையில குடுத்ததைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டியேடி!”

டெஸ்ஸா குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

“அக்கா, இன்னிக்கு உன்னை நீக்கறதா இருந்தாங்க. உன் இடத்தை இவளுக்குக் குடுத்துட்டாங்க.”

லாவோன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு டெஸ்ஸாவின் தலையை இழுத்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டு, கெட்ட வார்த்தைகளால் வரிசையாகத் திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள்.

டெஸ்ஸா அயோவாவுக்குப் போனாள். அப்புறம் ஒருநாள் போனில் என்னிடம் சொன்னாள்: “டிவியில யாராவது முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தா, பாவம்னு தோணறதுக்கு முன்னாடி என் கை போனைத் தேடுது ஷெரீஸ். நான் என்ன ஜென்மம்?”

அடுத்த வாரம் விழுந்தவள் நான். கூடைக்கடியில் பந்துக்கு எழும்பி, இறங்கும்போது முழங்காலில் ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. ஏற்கெனவே இரண்டு பேர் அடிபட்டுக் கிடந்தார்கள். நானும் விழுந்ததில் ஆடக்கூடியவர்கள் ஒன்பது பேர் என்றாகிவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது டெஸ்ஸாவிடமிருந்து போன். பின்னால் விமான நிலையத்து அறிவிப்பு கேட்டது.

“முழங்கால் எப்படி இருக்கு?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் குரலை இறக்கி, “எவ்வளவு நாளாகுமாம்?” என்றாள்.

என் வருஷமே போயிற்று என்று டாக்டர் காலையில்தான் சொல்லியிருந்தார். இதுவரை யாரிடமும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

“மிச்ச சீசன் முழுக்க ஆகும்டி” என்றேன்.

அந்தப் பக்கம் வெடித்து அழுதாள். எனக்காக அழுதாளா, தனக்காகவா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கும் தெரிந்திருக்காது.