மஞ்சள் அடித்த திரை

லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்த திருமூர்த்தி கையை உதறிக்கொண்டார்.

"ஏங்கண்ணு, இது லேப்டாப்பா தோசக்கல்லா? மேல ஒரு முட்டைய ஒடச்சு ஊத்துனா வெந்துருமாட்ட இருக்குது."

மகள் மோனிஷா சிரிக்கவில்லை. வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத பொருள். விளையாட்டுக்கென்றே செய்த லேப்டாப். விசைகளுக்கு அடியில் சிவப்பும் பச்சையுமாக விளக்கு ஓடும். அந்த வீட்டில் யாருக்கும் அதில் விளையாடத் தெரியாது. மாலை வகுப்பில் துணி டிசைன் சொல்லித்தரும் செங்கோட்டையன் சார், கணினிக்குள் ஓர் உருவத்துக்குப் பனியன் மாட்டி மடிப்பு விழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் சாதாரண லேப்டாப் தாங்காது என்று சொன்னதால் வாங்கியது. அந்த மென்பொருளைத் திறந்த சற்று நேரத்தில் உள்ளே இருக்கும் ஃபேன், கீழ்த்தளத்தில் துணி பின்னும் நிட்டிங் மெஷினோடு போட்டி போட ஆரம்பித்துவிடும். பிறகு திரை ஒரு முறை கண் சிமிட்டும். கருத்துப் போய்த் திரும்பி வரும்.

"கொண்டா, கீழ எடுத்துட்டுப் போயி ஏர் அடிச்சுட்டு வந்தர்றேன். பஞ்சு அடச்சிருக்கும்."

கீழ்த்தளத்தில் திருமூர்த்தியின் நிட்டிங் மெஷின்கள். ஷிப்டு முடிந்ததும் மெஷின் மேலும் சட்டை மேலும் தலைமுடியிலும் ஒட்டிய பஞ்சைக் கம்ப்ரஸர் குழாயால் அடித்து விரட்டுவது அங்கே வழக்கம். உலகத்தில் எந்தக் கோளாறாக இருந்தாலும் அவருக்கு அதுதான் முதல் மருந்து.

"அய்யோ வேண்டாங்கப்பா! அந்தக் காத்துக்கு உள்ள இருக்கற ஃபேன் பிச்சுட்டுப் போயிரும்" என்று லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றுவாள். மாற்றிவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்ப்பாள். பார்த்ததை டைரியில் எழுதுவாள். அதற்குப் பிறகுதான் அடுத்தது. முதலில் நூல் கோனின் காலி அட்டைக் குழல்களைப் பாதியாக வெட்டி லேப்டாப்பின் பின்பக்கத்துக்கு முட்டுக் கொடுத்தாள். கொஞ்சம் தேவலை. மறுநாள் கட்டிலை விட்டு மேசைக்கு மாற்றினாள். இன்னும் கொஞ்சம் தேவலை. ஆனால் திரை சிமிட்டுவது நிற்கவில்லை. எழுதி வைத்ததைப் படிக்கும்போதெல்லாம், தான் பார்த்தது சரிதானா என்ற சந்தேகம் வரும். மறுபடியும் முதலிலிருந்து பார்ப்பாள்.

ஜோதிகா லேப்டாப் கேட்டது அந்த வாரத்தில்தான்.

ஜோதிகா வகுப்பில் அவள் பக்கத்து நாற்காலிக்காரி. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பம். அம்மா ஒச்சம்மாள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், தைத்த பனியன்களில் நீட்டியிருக்கும் நூல் பிசிறு வெட்டுகிறாள். மகள் அங்கேயே செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நின்றபடி பனியன்களைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாள். அந்தக் கம்பெனியின் டிசைன் ரூமில் ஓர் இடம் காலியாகியிருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் சுரேஷ், ஜோதிகா வகுப்புக்குப் போவது தெரிந்து, சில துண்டுத் துணிகளைக் கொடுத்து, "இந்த ஷேடுகள்ல கம்ப்யூட்டர்லயே ஒரு பனியன் பண்ணி எடுத்துட்டு வாங்க, நல்லா இருந்தா இங்க உக்காந்துக்கலாம்" என்று சொல்லியிருந்தான். உட்கார்ந்துகொள்ளலாம் என்ற அந்தச் சொல்லை ஜோதிகா அன்றைக்கு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

லேப்டாப்பைக் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட பிறகு மோனிஷாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஜோதிகாவின் லைன் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே அது என்ன கொதி கொதிக்குமோ. அன்றைக்கு மட்டும் தன் முறையை விட்டுவிட்டாள். லேப்டாப்போடு வந்த செயலியைத் திறந்து, வேகத்தைக் குறைப்பது, வெளிச்சத்தைக் குறைப்பது, படத்துக்கான தனிச் சிப்பை நிறுத்துவது என்று கண்ணில் பட்ட எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அமுக்கினாள். சூடு இறங்கியது. சிமிட்டலும் நின்றது. திரை முதலில் ஏதோ ஒரு மாதிரி இருந்தது. சிறிது நேரத்தில் அதுவே பழகிவிட்டது.

"எதையும் மாத்தாத புள்ள. சூடாவாம இருக்கோணும்னு பாத்துப் பாத்து வெச்சிருக்கறேன்."

"ஆத்தி, தொட்டா கடிச்சுப்புடும்போல. கைப்பிள்ளையாட்டம் மடியிலேயே வச்சுக்கிறேன் போதுமா?"

"மடில வெக்காத. காத்துப் போற ஓட்டை அடச்சுக்கும்."

"சரிங்க மாமியாரே" என்று ஜோதிகா கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது.

"மோனி, ஸ்க்ரீன் மஞ்ச அடிக்குதுடி. துணி வெள்ளையா இருக்கு. இதுல பாத்தா மோருல மஞ்சப்பொடி விழுந்த கணக்கா இருக்கு."

"உங்க ஊட்டு லைட்டா இருக்கும்."

"டியூப்லைட்டுதானடி எரியுது."

"கேமிங் லேப்டாப்பு அப்படித்தான் புள்ள இருக்கும். நீ எதையாவது நோண்டி மறுபடி சூடாயிரப் போவுது."

போனில் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது.

"சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எதையும் மூன்று தடவை சந்தேகப்படுகிற மோனிஷா அன்றைக்கு ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. அந்தப் பக்கம் ஜோதிகா துணித் துண்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிறத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சளை அமுக்க நீலம் ஊற்றினாள். துணியும் திரையும் ஒன்றாகும்வரை, வெள்ளையிலும் சாம்பலிலும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றிக்கொண்டே போனாள்.

சுரேஷ் தன் கணினியில் அதைத் திறந்து பார்த்துச் சொன்னதை ஜோதிகா வகுப்பில் அவன் குரலிலேயே நடித்துக் காட்டினாள். "'மடிப்பெல்லாம் நல்லாத்தானுங்க விழுந்திருக்குது. ஆனா எல்லா ஷேடும் நீலம் அடிக்குதுங்களே. துணியக் கைல வெச்சுட்டே இப்படிப் பண்ணியிருக்கீங்க. ஷேடுக்கு ஒரு கண்ணு வேணுமுங்க, அது எல்லாருக்கும் அமையாது.' அந்தாளு வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுத் திட்டுறது திட்டு மாதிரியே இல்லடி." எல்லோரும் சிரித்தார்கள். மோனிஷாவும் சிரித்தாள். அடுத்த வாரத்திலிருந்து வகுப்பில் ஜோதிகாவின் நாற்காலி காலியாகவே கிடந்தது.

ஒரு சாயங்காலம் செங்கோட்டையன் சார் மோனிஷாவின் லேப்டாப்பை வகுப்பின் பெரிய மானிட்டரில் சொருகினார். இரண்டிலும் ஒரே வெள்ளைப் பனியன். பெரிய திரையில் அது வெள்ளையாக இருந்தது. லேப்டாப்பில், பல நாள் துவைக்காமல் அடுக்கி வைத்த பனியன்போல இருந்தது.

"ஏனுங்க மோனிஷா, கண்ணு கூசாம இருக்கறதுக்குப் போடற மோடு உங்க ஸ்க்ரீன்ல ஓடுது பாருங்க. கலர் வேலை பாக்கறவங்க மொதல்ல இத அணைச்சுப்போடோணும்" என்று அவர் ஒரு இடத்தில் அமுக்கினார்.

மஞ்சள் உரிந்து போனது.

வீட்டுக்கு வந்து தன் முறைப்படி சோதித்துப் பார்த்தாள். மற்றவற்றை அப்படியே விட்டுவிட்டு அந்த மோடை மட்டும் போட்டாள், அணைத்தாள், மறுபடி போட்டாள். சூட்டில் ஒரு மாற்றமும் இல்லை. சூட்டைத் தணித்தது வேறு எதுவோ. இந்த மஞ்சளால் லேப்டாப்புக்கு ஒரு நன்மையும் இல்லை. டைரியைத் திறந்தாள். எழுதப் பிடிக்காமல் மூடினாள். திரை மஞ்சள் அடிக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவள் ஜோதிகா. கண் இருந்தது அவளுக்குத்தான்.

மறுநாள் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஜோதிகாவின் கம்பெனிக்குப் போனாள். செக்கிங் பகுதியின் ஷட்டர் தெருவைப் பார்த்துத் திறந்திருந்தது. டீக்கு விட்ட நேரம். ஜோதிகா தலையில் ஒட்டிய பஞ்சோடு வெளியே வந்தாள்.

"என்னடி, இங்கிட்டு வந்து நிக்கிற? யாரையும் லவ்வு கிவ்வு பண்றியா?"

வழியெல்லாம் யோசித்து வைத்த வரிசை மோனிஷாவுக்குக் குழம்பிவிட்டது. "உம்மேல தப்பில்ல புள்ள. என் லேப்டாப்புல ஒரு மோடு ஓடிட்டு இருந்துருக்குது. அதுல எல்லாமே மஞ்சளாத் தெரியும். நாந்தான் போட்டுட்டேன். அதனாலதான் நீ பண்ணுனது நீலமாப் போச்சு. உன்ர கண்ணு நல்லாத்தான் இருக்குது."

ஜோதிகா டீயை ஊதினாள். "இப்படிச் சொல்லச் சொல்லி எங்கம்மா அனுப்பி விட்டுச்சா?"

"இல்ல. சத்தியமா."

"நீ நல்லவடி. எனக்காக இம்புட்டு தூரம் வந்து பொய் சொல்ற பாரு."

"பொய் இல்ல. நீயே அன்னிக்கு போன்ல சொன்னியே, மஞ்ச அடிக்குதுன்னு."

"சொன்னேன். நீதான் அப்படித்தான் இருக்கும்னு சொன்ன. நாலு தடவ பாக்காம நீ எதையுமே சொல்ல மாட்டியே." அதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. அப்படியே நம்பிச் சொன்னாள்.

மோனிஷா லேப்டாப்பை எடுத்துக் கம்பெனியின் மதில்மேல் வைத்துத் திறந்தாள். வெள்ளைப் பனியன் வந்தது. "இப்பப் பாரு, இது போட்டது. இது அணைச்சது." உச்சி வெயில். திரையில் இருவரின் முகமும் பின்னால் மின்கம்பமும்தான் தெரிந்தன. ஜோதிகா குனிந்து, கையை நெற்றிக்கு மறைப்பாக வைத்துப் பார்த்தாள். மோனிஷா வெளிச்சத்தைக் கூட்டினாள். வெயிலில் லேப்டாப் கொதித்து ஃபேன் அலற ஆரம்பித்தது.

"ரெண்டும் ஒண்ணாத்தான்டி தெரியுது."

"உள்ள போயிப் பாக்கலாம் வா. சுரேஷ் அண்ணங்கிட்ட நானே சொல்றேன்."

"அந்தச் சீட்டுக்கு தாராபுரத்துப் புள்ள ஒண்ணு வந்து உக்காந்தாச்சு. விடு. மூடி வையி, சூடாகுதுல்ல."

பெல் அடித்தது. ஜோதிகா டம்ளரைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள். மோனிஷா அங்கேயே நின்றாள்.

டேபிளில் காலர் வைத்த சாம்பல் நிறப் பனியன்கள் மலைபோலக் குவிந்திருந்தன. ஜோதிகா ஒன்றை எடுத்துக் காலரையும் உடம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துப் பார்த்தாள். ஷட்டர் ஓரத்து வெளிச்சத்துக்கு வந்து, சாய்த்துப் பிடித்து மறுபடி பார்த்தாள். பிறகு திரும்பிப் போய்ப் பக்கத்து டேபிள் பெண்ணிடம் நீட்டினாள். "அக்கா, ரெண்டும் ஒரே ஷேடுதானா, கொஞ்சம் பாத்துச் சொல்லேன்." அந்தப் பெண் சட்டென்று ஒரு பார்வை பார்த்துத் தலையாட்டினாள். ஜோதிகா அதைத் தேறியவற்றின் மேல் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். காலரையும் உடம்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடியும் வெளிச்சத்துக்கு வந்தாள்.